"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று கூப்பிட்டால்...

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. மானம், கௌரவம், சாதி சனம் என்று சொல்லி வீட்டுக்குள் நடக்கும் கொடுமை. அதனால் சொத்து, பட்டா கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஊரும் பெயரும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 22 வயது. படித்து முடித்து ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தேன். கூடப் படித்த ஒருவரை விரும்புகிறேன், அவர் வேறு சாதி. நாலு மாதம் முன்பு அண்ணன் என் போனைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து போன் கிடையாது, வேலைக்கும் அனுப்பவில்லை. ராத்திரி அறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது. அம்மா மட்டும் தினமும் "நீ படி தாண்டினா நான் மருந்தைக் குடிச்சிடுவேன்" என்கிறார். அடுத்த மாதம் சொந்தத்தில் நிச்சயம். இதைக் கொடுமை என்று சொன்னால் பெற்றவர்களுக்குத் துரோகம் செய்கிறேனா?

பதில்: என் மகளுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். துரோகம் இல்லை. உனக்கு நடப்பது வன்முறைதான்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். காவல் நிலையத்திலும் பல சமயம் அப்படித்தான். "பெத்தவங்க கண்டிக்கக்கூடாதா மேடம்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் வீட்டுக் கொடுமைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்த வீட்டில் வாழும் மகளுக்கும் தங்கைக்கும் அது பொருந்தும். இந்தச் சட்டத்தின் விதிகளோடு ஒரு படிவம் இருக்கிறது, குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். எதெல்லாம் வன்முறை என்று அதில் வரிசையாக அச்சிட்டிருக்கும். வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்கவிடாமல் தடுப்பது, விருப்பமில்லாமல் கல்யாணம் செய்யக் கட்டாயப்படுத்துவது, விரும்பியவரைக் கட்டவிடாமல் தடுப்பது. எல்லாமே அதில் உண்டு.

அந்தப் படிவத்தின் நகல்களை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வருகிற பெண்களிடம் ஒரு பேனாவையும் கொடுத்து, நடந்ததற்கு நேராக டிக் போடச் சொல்வேன். வாய் திறக்கத் தயங்குகிறவர்கள்கூட டிக் போட்டுவிடுவார்கள். போன வருஷம் ஒரு பெண் ஒன்பது இடத்தில் டிக் போட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க வீட்டைப் பார்த்து எழுதினதா மேடம்?" என்று கேட்டாள்.

இந்தக் கொடுமைக்கும் மற்ற குடும்பச் சண்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கணவன் குடித்துவிட்டு அடித்தால் அவன் ஒருவன் எதிரி, பக்கத்தில் நியாயம் கேட்கச் சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். இங்கே சித்தப்பாவும் பெரியம்மாவும் காவலுக்கு நிற்கிறார்கள். தப்பு செய்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றாது, உன்னைக் காப்பாற்றுவதாகவே நம்புவார்கள். அதனால் எந்தச் சொந்தக்காரரிடமும் உன் திட்டத்தைச் சொல்லாதே. எவ்வளவு பாசமாக இருந்தாலும் சொல்லாதே.

சரி, என்ன செய்வது? 181, 112 என்ற இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள். 181 பெண்கள் உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. உனக்காக இந்தக் கடிதத்தை அனுப்பிய தோழியே 181க்குப் பேசலாம். "22 வயசுப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் கட்டாய நிச்சயம்" என்று சொல்லி, முகவரியைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு மாவட்டத்திலும் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம், அப்புறம் விடுதிக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதித்துறை நடுவரிடம் மனு போட்டால், முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உனக்கு வக்கீல் கட்டணமும் கிடையாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரும். அதற்கு எண் 15100.

ஸ்டேஷனில் முதல் கேள்வி "பொண்ணு மேஜரா?" என்பதுதான். அதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் இரண்டும் கைக்கு எட்டினால் எடுத்துக்கொள். எட்டாவிட்டால் அதற்காக ஆபத்தில் இறங்காதே, நகல் வாங்கிக்கொள்ளலாம். நகை மட்டும் ஒரு பொட்டுகூட எடுக்காதே. "முப்பது பவுனோடு ஓடிட்டா" என்று புகார் கொடுப்பது வழக்கமாக நடக்கிறது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தப் படம் பிற்பாடு கோர்ட்டில் அவளுக்கு உதவியது.

இன்னொன்று. வீட்டை விட்டு வெளியே வருவதும் அவரைக் கல்யாணம் செய்வதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்கு வா. நன்றாகத் தூங்கு. கல்யாணத்தை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.

அம்மாவின் மிரட்டல் உன்னை எவ்வளவு வதைக்கும் என்று புரிகிறது. அவர் சொல்வதை விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நீ வெளியேறிய உடனே தோழி 112க்குத் தகவல் சொல்லட்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐயும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பட்டும். அதைச் செய்தால் உன் கடமை முடிந்தது. அவர் உயிருக்கு விலையாக உன் வாழ்க்கையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்து வைக்காதே. படித்துவிட்டு, எண்களை மனதில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே போட்டுவிடு.

கேள்வி: நாங்கள் பதிவுத் திருமணம் செய்து ஐந்து வாரம் ஆகிறது, வெளியூரில் இருக்கிறோம். முதலில் மிரட்டிய மனைவி வீட்டார் இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். அவளுடைய தாய்மாமா போன் செய்து, "நடந்தது நடந்துபோச்சு. பாட்டிக்கு ரொம்ப முடியல. ஒருதரம் வந்து கால்ல விழுந்துட்டுப் போங்க, ஊரறிய ரிசப்ஷன் வைக்கலாம்" என்கிறார். 'காணவில்லை' புகாரை முடிக்க இருவரும் நேரில் வரவேண்டும் என்று ஊர் ஸ்டேஷனிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மனைவி போக ஆசைப்படுகிறாள். போகலாமா?

பதில்: போகாதீர்கள் தம்பி. மனைவியை மட்டும் தனியாக அனுப்பவும் கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் நான் செய்த தப்பு. பதினோரு வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு பெண். கல்யாணமான மூன்றாவது வாரம் அவளுடைய அண்ணன் தட்டில் பழமும் பட்டுப்புடவையுமாக என் அலுவலகத்துக்கே வந்தான். கண் கலங்கினான். "கோயில்ல வச்சு நாங்களே கட்டி வைக்கிறோம் மேடம்" என்றான். நானும் நம்பி, "போயிட்டு வாம்மா" என்றேன். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். அன்று மாலையே அவள் போன் அணைந்துவிட்டது. ஒன்பது வாரம் கழித்து, ஆட்கொணர்வு மனு போட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது அதே புடவையில் வந்து நின்றாள். ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது, அவ்வளவு இளைத்திருந்தாள். "யாருடன் போக விரும்புகிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். "அப்பா அம்மாவோட" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவளுடைய அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். நீதிபதி அனுபவசாலி. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அவளைத் தனியாக மறுபடி கேட்டார். அப்போதுதான் கணவன் பெயரைச் சொன்னாள். உயிரோடு திரும்பினாள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பலர் அப்படித் திரும்பவில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகியும் முருகேசனும் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்தது மே மாதம், கொல்லப்பட்டது ஜூலையில். அந்த வழக்கில் தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. உடுமலைப்பேட்டையில் சங்கர் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே வெட்டப்பட்டபோது கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாள் போனால் கோபம் ஆறிவிடும் என்ற கணக்கு இந்த விஷயத்தில் செல்லாது.

ஸ்டேஷன் விஷயம். வயது வந்த இருவர் சொந்த ஊர் ஸ்டேஷனில்தான் போய் நிற்க வேண்டும் என்று எதுவும் இல்லை. நீங்கள் இருக்கும் ஊர் காவல் நிலையத்திலேயே ஆஜராகி, "நான் மேஜர், என் விருப்பத்தில் வந்தேன்" என்று மனைவி தன் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது, வாங்கிக்கொள்ளுங்கள். வயதுச் சான்று, திருமணச் சான்று நகல்களோடு அந்தக் கடிதத்தை ஊர் ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். உறை மேல் தங்கியிருக்கும் முகவரி வேண்டாம், வக்கீல் முகவரி போதும். கர்நாடகத்தில் ஒரு பெண்ணை இதே மாதிரி ஊர் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி விசாரணை அதிகாரி வற்புறுத்தியபோது, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்றும் சொன்னது. ஸ்டேஷனில் கூட்டம் கூட்டி, "பொண்ணை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புங்க" என்று யாராவது பஞ்சாயத்து பேசினால், இந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் எடுத்து வைக்கட்டும்.

பாதுகாப்பும் கேட்டு வாங்குங்கள். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் இருபத்து நாலு மணி நேர உதவி எண்ணும் இருக்க வேண்டும், தம்பதிக்குப் பாதுகாப்பு இல்லம் தர வேண்டும். அங்கே முதலில் ஒரு மாதம், அப்புறம் ஆபத்தைப் பொறுத்து ஒரு வருஷம் வரை நீட்டிக்கலாம். நம் மாநிலத்தில் இந்தத் தனிப்பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2016லேயே உத்தரவிட்டுவிட்டது, உசிலம்பட்டி வட்டாரத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் தொடுத்த வழக்கில். "அப்படி ஒரு பிரிவே இல்லையே" என்று சொல்கிற அதிகாரிகளும் உண்டு. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், எழுதிக் கொடுங்கள்.

எல்லாப் பெற்றோரும் நடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மனம் மாறிய அப்பாக்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மையாக மனம் மாறியவர்கள் அவசரப்படுத்துவதில்லை. முதலில் புகாரை வாபஸ் வாங்குவார்கள். வக்கீல் அலுவலகத்துக்கு அப்பாவும் அம்மாவும் மட்டும் வரச் சம்மதிப்பார்கள். "பாட்டியை வீடியோ காலில் காட்டுங்கள், பேசுகிறோம்" என்று உங்கள் மனைவி கேட்டுப் பார்க்கட்டும். அதற்குக் கோபம் வந்தால் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். அவளுக்கு வீட்டு ஞாபகம் வருவது இயல்பு. அதற்காக அவளைச் சந்தேகப்படாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழவிடுங்கள்.

கேள்வி: என் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பின்தொடர்ந்து யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை என்று அப்பாவும் பெரியப்பாவும் சொல்லிவிட்டார்கள். "நீ ஆம்பளைதானே" என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மறுத்தால் என்னையும் ஒதுக்குவார்கள்.

பதில்: பிடிக்கவில்லை என்று எழுதத் துணிந்ததற்கே உங்களைப் பாராட்டுகிறேன். உங்களுக்கும் இது கொடுமைதான். பெண்ணை அடைத்து வைக்கும் வீடு, பையனைச் சிறைக் காவலனாக்குகிறது. பிற்பாடு வழக்கு என்று வந்தால், போன் நம்பர் வாங்கிக் கொடுத்தவர், எந்தப் பஸ்ஸில் வருகிறாள் என்று சொன்னவர், வண்டி கொடுத்தவர் எல்லோரும் சதியில் பங்கு என்று கூண்டில் நிற்க நேரிடும். பெரியப்பா ஜாமீனில் வந்துவிடுவார், உங்கள் வேலையும் பாஸ்போர்ட்டும் போய்விடும்.

வெளிப்படையாகச் சண்டை போட வேண்டாம். தங்கையிடம் தனியாக, "என்னைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க, நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அவள் அதை அனுப்பினால் நீங்கள் 112க்குப் பேச வேண்டும். அவளுடைய சான்றிதழ்களின் நகல் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். பிளஸ் டூ மாணவி ஒருத்தி, பரீட்சை முடிந்ததும் தனக்குக் கல்யாணம் என்று அழுதாள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் டீச்சர். நல்லெண்ணத்தோடு செய்யும் அந்த ஒரு போன்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே வரவிடாமல் செய்யும். அவள் உங்களிடம் இரண்டாம் முறை பேசச் சந்தர்ப்பம் கிடைக்காமல் போகலாம், அதனால் இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் அதைத் தடுக்கும் அதிகாரி, முன்கூட்டியே கோர்ட்டில் தடையும் வாங்கலாம். தகவல் பள்ளியிலிருந்து வந்தது என்று வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதை அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவளிடம் "கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ்கிறோம். இரண்டு வீட்டாரும் 'காணவில்லை' புகார் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் உதவுமா?

பதில்: உதவும். 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உங்களைப் போன்ற இருவருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. இருவரும் வயது வந்தவர்கள், விரும்பிச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவே இருக்கிறது. மேலே தம்பிக்குச் சொன்ன அதே வழிதான்: இருக்கும் ஊர் ஸ்டேஷன், கைப்பட எழுதிய கடிதம், ஒரு வக்கீல்.

கேள்வி: என் மகள் அவளாகவே கல்யாணம் செய்துகொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. நான் பேசுவதில்லை. போன வாரம் ராத்திரி என் வீட்டுக்காரரும் கொழுந்தனார்களும் திண்ணையில் பேசியதைக் கேட்டேன். அவள் இருக்கும் ஊர் தெரிந்துவிட்டதாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: இந்தக் கடிதத்தில் போன் நம்பர் இருந்தது. இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே அவரிடம் பேசிவிட்டேன். அவர் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

நடக்கும் முன்பே தடுக்கச் சொல்லும் உரிமை அம்மாவுக்கு மட்டுமல்ல, கேட்ட யாருக்கும் உண்டு. 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இப்படி நடக்கும் என்று தெரிந்தும் தடுக்காத அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இப்படிச் சாதி, கௌரவம் என்று சொல்லிச் செய்யும் ஆணவக் கொலைகளைத் தடுக்கவென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் அதற்கு ஓர் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. சட்டம் வரும்போது வரட்டும், இப்போது இருப்பதை வைத்தே நாம் இறங்கலாம்.

முதலில் மகளுக்குப் பேசச் சொன்னேன். வீட்டுப் போனில் வேண்டாம், வேறு யாருடைய போனிலாவது. "மன்னிச்சேன், மன்னிக்கலை என்பதெல்லாம் அப்புறம். இப்போ கிளம்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "என் குரலைக் கேட்டா அவ போனை வச்சிடுவாளோ" என்று அழுதார். மகள் வைக்கவில்லை. அப்புறம் 112க்குப் பேசினார். பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றேன். மகள் எங்கே இருக்கிறாள், யார் யார் பேசிக்கொண்டார்கள், எந்த வண்டி, இந்த மூன்றையும் சொன்னால் போதும் என்றேன். வண்டி நம்பரை மனப்பாடமாகச் சொன்னாராம். மறுநாள் எஸ்.பி. அலுவலகத்துக்கு நான் மனு கொடுத்தேன்.

மகளும் மருமகனும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவரே சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்து, "சாப்பிடறாளா?" என்று மட்டும் கேட்கிறார்.